சிரிக்கும் முன் உட்காரும் பிள்ளை

என் மகள் சிரித்தால் விழுவாள்.

அவளுக்கு 11 வயதில் அது தொடங்கியது. தீபாவளிக்குச் சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டுக்கு வந்திருந்த மச்சான் பிள்ளைகள் ஏதோ கோமாளித்தனம் செய்தார்கள். வாய்விட்டுச் சிரித்தவள், கொடியிலிருந்து நழுவிய துணி மாதிரி அப்படியே தரையில் சரிந்தாள். நினைவு தப்பவில்லை, கண் திறந்தே இருந்தது. அரை நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து மறுபடியும் சிரித்தாள். கூட இருந்த நாங்களும் சேர்ந்து சிரித்தோம். பல மாதங்கள் அதை அவளுடைய ஒரு சேட்டை என்றே நினைத்தோம். எனக்கு இன்னும் உறுத்துவது இதுதான்.

அதற்கு முன்பே சில அறிகுறிகள் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்ததால் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. பிறந்தபோது மஞ்சள் காமாலை 2 மாதம் விடவில்லை. வெயிலில் காட்டினால் போய்விடும் என்றார்கள், போய்விட்டது. 6 வயதில் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் மண்ணீரல் கொஞ்சம் பெரிது என்று எழுதியிருந்தார்கள். காய்ச்சல் வந்து போயிருக்கும் என்று விட்டுவிட்டோம். தொடக்கநிலை 5இல் கையெழுத்து கோணலானது. கவனம் போதவில்லை என்று ஆசிரியர் குறிப்பு அனுப்பினார். நாங்கள் டியூஷனைக் கூட்டினோம். மின்தூக்கி பழுதான நாட்களில் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்குவாள். சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன்.

பலதுறை மருந்தகத்தில் காட்டி, அங்கிருந்து ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வலிப்பாக இருக்கும் என்று மூளையின் மின் அலைகளைப் பரிசோதித்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்தது. "பிள்ளைக்கு மன அழுத்தம் இருக்கலாம்" என்று இன்னொரு இடத்தில் சொன்னார்கள். இப்படியே ஏறக்குறைய இரண்டு வருடம் ஓடிற்று.

திருப்பம் வந்தது என் மனைவியின் கைப்பேசியால். மகள் விழுவதை ஒருமுறை படம்பிடித்து வைத்திருந்தாள். வேறொரு நரம்பியல் டாக்டரிடம் போனபோது, நான் வாயால் விவரித்துக்கொண்டிருந்ததை நிறுத்தி, "மாமா, இதைக் காட்டுங்க" என்று மனைவி கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். டாக்டர் அந்த 20 விநாடிக் காட்சியை மூன்று முறை போட்டுப் பார்த்தார். பிறகு ஒரு பேனாவை மெதுவாக மேலும் கீழும் அசைத்தார். மகளின் கண்கள் நன்றாகவே பின்தொடர்ந்தன. முன்பு பார்த்தவர்கள் எல்லாரும் இதோடு நிறுத்தியிருந்தார்கள். இவர் இரண்டு விரல்களை ஒன்று மேலே ஒன்று கீழே நீட்டி, "மேல் விரலைப் பார், சட்டென்று கீழ் விரலைப் பார்" என்றார். கண் நகரவில்லை. தலையைத்தான் குனிந்தாள். மெதுவாகத் தொடரும் பார்வையும் சட்டென்று தாவும் பார்வையும் மூளையில் வேறு வேறு வழிகளில் நடப்பவை என்றும், மேல்-கீழ்த் தாவல் முதலில் கெடுவது இந்த நோயின் முத்திரை மாதிரி என்றும் பின்னால் தெரிந்துகொண்டேன். அடுத்து வயிற்றின் இடப்பக்கம் கையை வைத்து அழுத்திப் பார்த்தவர், "பிறந்தப்போ மஞ்சள் காமாலை நீடிச்சுதா?" என்று கேட்டார். என் மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள்.

நீமன்-பிக் வகை சி. கொலஸ்ட்ராலைத் தேவையான இடத்துக்கு அனுப்ப முடியாமல் செல்களுக்குள் சிக்கவைக்கும் நோய். ஏறத்தாழ ஒரு லட்சம் பிறப்புக்கு ஒன்று என்பார்கள். இரத்தத்தில் ஆக்சிஸ்டிரால் என்ற பொருளின் அளவு பார்த்தார்கள், அது உயர்ந்திருந்தது. பிறகு மரபணுச் சோதனையில் உறுதியானது. முன்பெல்லாம் தோலில் சிறு துண்டு எடுத்து, செல்களை வளர்த்து, ஃபிலிப்பின் என்ற சாயம் போட்டுப் பார்ப்பார்களாம். அதே நேரத்தில் இதைப் போலவே தோன்றும் இன்னொரு நோய்க்கும் டாக்டர் சோதனை எழுதினார். செரிப்ரோடெண்டினஸ் சாந்தோமாட்டோசிஸ் என்று நீண்ட பெயர். அதற்குக் கீனோடியாக்சிகோலிக் அமிலம் என்ற பித்த அமிலத்தை மாத்திரையாகக் கொடுத்தால் நோயை நிறுத்திவைக்க முடியும். "சரிசெய்ய முடிகிறதை முதல்ல தேடணும்" என்றார். அது இல்லை என்று வந்தது.

நான் மாமன் மகளைக் கட்டியவன். இருவரிடமும் ஒரே பழுதுபட்ட மரபணு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 4இல் 1 என்ற கணக்கு. சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் வருகிறது. சொந்தத்தில் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். ஊரில் என் அம்மா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போனார். நான் தடுக்கவில்லை.

இனி கொலஸ்ட்ரால் என்ற சொல் எங்கள் வீட்டில் செய்த அட்டகாசம். நோயின் விளக்கத்தில் கொலஸ்ட்ரால் என்று காதில் விழுந்ததுமே சுற்றமெல்லாம் சமையலறைக்குள் நுழைந்துவிட்டது. முட்டை வேண்டாம், தேங்காய் வேண்டாம், நெய்யைக் கண்ணில் காட்டாதே. மனைவியும் பயந்து நிறுத்தினாள். இரண்டு மாதத்தில் பிள்ளை 3 கிலோ இறங்கினாள். இரத்தக் கொலஸ்ட்ரால் அவளுக்கு அதிகமே இல்லை. இந்த நோயில் பெரும்பாலும் இருப்பதில்லை. பிறகு உணவியல் நிபுணர் கூப்பிட்டு உட்காரவைத்து, தேங்காய்ப்பாலைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்.

நான் புரிந்துகொண்ட விதம் இது. இங்கே நாம் குடோன் என்போமே, அதுதான் சரியான படம். வெளியிலிருந்து வரும் கொலஸ்ட்ரால் செல்லுக்குள் லைசோசோம் என்ற குடோனில் இறங்குகிறது. அங்கே பிரித்தெடுத்த சரக்கை என்பிசி2 என்ற புரதம் கையில் வாங்கி, சுவரில் பதிந்திருக்கும் என்பிசி1 என்ற வாசலுக்குக் கொடுக்கிறது. வாசல் பூட்டிக்கொண்டால் குடோன் நிரம்பி வழியும், கடையில் சரக்கு இருக்காது. வெளியே லாரியை நிறுத்தினாலும், அதாவது முட்டையை நிறுத்தினாலும், பூட்டு திறக்காது. நோயாளிகளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு என்பிசி1 மரபணுவில்தான் பழுது. 18ஆவது குரோமோசோமில் இருக்கும் அதை 1997இல் கண்டுபிடித்தார்கள். மகளுக்கும் அதுவே.

மூளையின் கதை இன்னும் தனி. இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால் மூளைக்குள் போகாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. உடல் எடையில் 2 விழுக்காடுதான் மூளை, ஆனால் உடம்பின் மொத்தக் கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ கால் பங்கு அங்கே இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி ஒரே பொருளுக்குள் போகிறது: மையலின்.

எம்ஆர்ஐ படத்தைக் காட்டி டாக்டர், இரு மூளை அரைக்கோளங்களை இணைக்கும் பட்டை மெலிந்திருக்கிறது என்றார். மையலின் குறைவு என்றார். நான் மின் பராமரிப்பு வேலை பார்ப்பவன் என்று தெரிந்ததும், "ஒயருக்கு மேல பிளாஸ்டிக் உறை இருக்குல்ல, அது மாதிரி" என்றார். 24 வருடம் ஒயர் இழுத்தவனுக்கு அது சட்டென்று பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டதுதான் பிரச்சினையும். உறை பிய்ந்தால் டேப் சுற்றலாம், அல்லது ஒயரையே மாற்றலாம் என்ற எண்ணம் மனதில் ஏறிவிட்டது.

படிக்கப் படிக்க அந்த உவமை கழன்றது. ஒயருக்கு உறை தொழிற்சாலையில் ஏறுகிறது. மூளையில் ஒலிகோடெண்ட்ரோசைட் என்ற செல்கள் தங்கள் உடம்பையே நீட்டி, நரம்பிழையைச் சுற்றிச் சுற்றி அடுக்காகப் போர்த்துகின்றன. ஒரே செல் பல இழைகளுக்குப் போர்த்தும். அதோடு அந்த உறை உள்ளிருக்கும் இழைக்குச் சோறும் போடுகிறது. பிளாஸ்டிக் எங்கே சோறு போடும்? இன்னொரு பெரிய வேறுபாடு: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயில் நன்றாக ஏறிய உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கிழிக்கிறது. எங்கள் நோயில் உறை முதலிலேயே சரியாக ஏறுவதில்லை. பிறகு நரம்புகள் சாகச் சாக, இருப்பதும் போகிறது. இணையத்தில் "மையலின் பழுதுபார்க்கும் மருந்து" என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவை முதல் வகை நோய்க்கானவை. இது எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆயிற்று, மகளின் தாடையில் 5 தையலும் ஆயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

2013இல் வந்த ஓர் எலி ஆய்வைப் பற்றி டாக்டர் சொன்னது என் மண்டையில் நன்றாக உட்கார்ந்தது. எலிகளில் என்பிசி1 மரபணுவை நரம்பு செல்களில் மட்டும் அணைத்துப் பார்த்திருக்கிறார்கள்; வேறு எலிகளில் உறை போர்த்தும் செல்களில் மட்டும் அணைத்திருக்கிறார்கள். இரண்டிலும் மையலின் கெட்டது. அதாவது கம்பியும் சரியாக இருக்க வேண்டும், சுற்றுகிறவனும் சரியாக இருக்க வேண்டும். 2023இல் வந்த இன்னோர் ஆய்வு, சுற்றுகிற செல்கள் முதிராமல் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுவதைக் காட்டியது. மரபணுக்களின் பொதியில் இருக்கும் சில அடையாளங்கள் மாறிப்போவது அதற்கு ஒரு காரணம். சிக்கிய கொலஸ்ட்ராலைச் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற பொருளால் விடுவித்தபோது அந்த மாற்றம் திரும்பியது, எலிகளில்.

எந்த மருந்துச் செய்தியைப் பார்த்தாலும் இப்போது நான் முதலில் கேட்பது: இது குடோன் பூட்டைத் தொடுகிறதா, சுற்றுகிற ஆளை எழுப்ப மட்டும் பார்க்கிறதா? ஆளை எழுப்பினாலும் டேப் உள்ளே பூட்டிக்கிடந்தால் அவன் என்ன செய்வான்?

சைக்ளோடெக்ஸ்ட்ரின் பூட்டைத் தொடும் வகை. சர்க்கரை மூலக்கூறுகளால் ஆன வளையம் அது. துர்நாற்றம் போக்கும் ஸ்பிரேக்களில் கூட அதன் உறவுக்காரப் பொருள் இருக்கிறது. 2009இல், பிறந்து 7 நாளான நோயுற்ற எலிக்குட்டிக்கு ஒரே ஓர் ஊசி போட்டு ஆயுளை நீட்டினார்கள். பல வருடம் கழித்து அதைப் படித்தபோது நான் துள்ளிக் குதித்தேன். 7 நாள் என்பதைத்தான் கவனிக்கவில்லை. எலிக்கு மூளை உறை பிறந்த பிறகுள்ள சில வாரங்களில் ஏறுகிறது. 7ஆம் நாள் என்பது வேலை தொடங்கும் முன் சரக்கைக் கொண்டுவந்து இறக்குவது மாதிரி. என் பிள்ளைக்கு அப்போது 13 வயது. மனிதர்களுக்கு முதல் இரண்டு வருடத்தில்தான் பெரும்பகுதி ஏறுகிறது. ஆனாலும் இருபது வயது தாண்டியும் வேலை கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது என்பதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மருந்து இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் போகாது என்பதால் முதுகுத்தண்டு வழியாக ஊசி போட்டுப் பார்த்தார்கள். 2017இல் 14 பேருக்குக் கொடுத்த முதற்கட்ட ஆய்வின் முடிவு நம்பிக்கை தந்தது. காது கேட்கும் திறன் குறைவது பக்கவிளைவு. உட்காதின் மெல்லிய செல்களை அது கொல்கிறது. பின்னர் நடந்த பெரிய சோதனையில் மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் எதிர்பார்த்த வேறுபாடு தெரியவில்லை. எலியில் 7ஆம் நாள் கிடைத்த வெற்றியை மனிதரிடம் எந்த வயதில் தேடுவது என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது.

இன்று எங்கள் கையில் உள்ளவை வேறு. மிக்லூஸ்டாட் என்ற காப்சூலை ஐரோப்பா 2009இலேயே இந்த நோய்க்கு அனுமதித்தது. அது கொலஸ்ட்ராலைத் தொடுவதில்லை. கூடவே தேங்கும் வேறு கொழுப்புகளின் உற்பத்தியைக் குறைக்கிறது. நோய் நிற்காது, வேகம் குறையும். 2024 செப்டம்பரில் அமெரிக்கா ஒரு வாரத்துக்குள் இரண்டு மருந்துகளுக்கு அனுமதி தந்தது: மிக்லூஸ்டாட்டோடு சேர்த்து எடுக்கும் அரிமோக்ளோமால், தனியாக லெவாசெட்டில்லூசின். இரண்டாவதின் தாய்ப்பொருளை 1950களிலிருந்தே பிரான்சில் தலைசுற்றலுக்கு விற்று வந்தார்கள். 60 பேரிடம் 12 வாரம் கொடுத்துப் பார்த்ததில் நடை, பேச்சு, கை ஒருங்கிணைப்பு ஆகியவற்றில் முன்னேற்றம் தெரிந்தது. இவை எதுவும் உதிர்ந்த உறையைத் திரும்ப ஏற்றும் என்று யாரும் சொல்லவில்லை. நடை கொஞ்சம் திடமாவது எங்களுக்குச் சின்ன விஷயமும் இல்லை.

சொந்தக்காரர்கள் அனுப்பும் செய்திகளில் இரண்டை உடனே ஒதுக்கக் கற்றுக்கொண்டேன். ஒன்று, "நீமன்-பிக் நோய்க்கு நொதி ஊசி வந்துவிட்டது" என்பது. அது ஏ, பி வகைகளுக்கு. பெயர்தான் ஒன்று, பழுதான புரதமே வேறு. எங்கள் வாசல் சுவரில் பதிந்த புரதம், ஊசியில் ஏற்றி அனுப்பி அதைச் சுவரில் பொருத்த முடியாது. மற்றது, வெளிநாட்டில் ஸ்டெம் செல் ஏற்றும் நிலையங்கள். பெரும் தொகை கேட்டு, அழகான படம் போட்டு, கைப்பேசிக்கே கூப்பிடுவார்கள். ஒருமுறை நான் அழைப்பைப் பாதியில் வெட்டவில்லை, 40 நிமிடம் கேட்டேன். ஆசை யாரை விட்டது.

தையல் கதை இதுதான். கிளெமாஸ்டின் என்பது சளி, ஒவ்வாமைக்கான பழைய மாத்திரை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ள 50 பேரிடம் அது மையலினைக் கொஞ்சம் திரும்ப ஏற்றியதாக 2017இல் முடிவு வந்தது. கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி போகும் நேரம் 1.7 மில்லி விநாடி குறைந்தது. அதில் களைப்பு கூடியது என்றும் எழுதியிருந்தது. அந்த வரியை நான் படித்தேன், ஆனால் படித்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய மருந்து, மலிவு, ஒவ்வாமைக்குப் பிள்ளைகளுக்கே கொடுக்கிறார்கள் என்று மனசு வக்கீல் வேலை பார்த்தது. ஊரிலிருந்து வந்த உறவினரிடம் சொல்லி வாங்கி வரச்செய்தேன். மனைவிக்குக்கூடச் சொல்லாமல் மூன்று இரவு கொடுத்தேன்.

நான்காம் நாள் காலை பள்ளிச் சீருடையோடு குளியலறை வாசலில் தூக்கக் கலக்கத்தில் விழுந்தாள். தாடையில் 5 தையல். விழுங்குவது ஏற்கெனவே சிரமம். அன்று காலை எச்சிலைக்கூட ஒழுங்காக விழுங்கவில்லை. அவசரப் பிரிவில் என்ன மருந்து எடுக்கிறாள் என்று கேட்டார்கள். மனைவி பட்டியல் சொல்ல, நான் கடைசியில் அதையும் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத வரவில்லை.

மருந்தாளர் திட்டவில்லை. பொறுமையாக விளக்கினார். தூக்கம் தரும் எந்த மருந்தும் இவளுக்குத் தள்ளாட்டத்தையும் புரையேறுவதையும் கூட்டும். வலிப்பு வரக்கூடிய மூளை வேறு. பின்னால் தெரிந்த இன்னொன்று: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் முற்றியவர்களிடம் நடந்த வேறோர் ஆய்வில், கிளெமாஸ்டின் எடுத்த சிலருக்கு நோய் வேகமெடுத்ததால் அந்தப் பகுதியையே நிறுத்திவிட்டார்கள். சாதுவான பழைய மாத்திரை என்று நான் நினைத்தது அது.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். படித்ததை எழுதுவேன், பக்கத்தில் நான்கு கேள்விகள்: எந்த நோய்க்கு? எலியா, மனிதரா? எந்த வயதில் கொடுத்தார்கள்? என்ன அளந்தார்கள்? நான்குக்கும் விடை எழுதிவிட்டு டாக்டரிடம் காட்டுவேன். பாதிச் செய்திகள் மூன்றாவது கேள்வியிலேயே படுத்துவிடும். மரபணு சிகிச்சை பற்றிய செய்திகளையும் இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். எலிகளில் நன்றாக வேலை செய்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் அடிக்கடி புரட்டுகிறேன்.

மிக்லூஸ்டாட் தொடங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் சில வாரங்கள் வயிற்றுப்போக்கு எங்களை உலுக்கிவிட்டது. குடலில் சர்க்கரைகளைச் செரிக்கும் நொதிகளையும் அந்த மருந்து தடுப்பதால் வருகிற தொல்லை அது. மைலோவில் பால், சீனி, மால்ட் மூன்றும் சேர்ந்திருக்கிறது. மருந்துக்குப் பிடிக்காத மூன்றும் ஒரே குவளையில். தே தாரிக், பாயசம், கெட்டிப்பால் ஊற்றிய எதுவும் நிறுத்தினோம். மருந்து தொடங்குவதற்குச் சில நாள் முன்பே இவற்றைக் குறைத்து, குறைந்த அளவில் தொடங்கி ஏற்றியிருந்தால் பாதித் தொல்லை இருந்திருக்காது என்று உணவியல் நிபுணர் பின்னர் சொன்னார். முன்பே கேளுங்கள். எடையை வாரம் ஒருமுறை எழுதிவையுங்கள். கை நடுக்கம் கூடினால் அது நோய் முற்றியதாக இல்லாமல் மருந்தாகவும் இருக்கலாம். நாங்கள் ஒரு மாதம் வீணாகப் பயந்தோம்.

விழுங்கும் பிரச்சினையில் எங்களை ஏமாற்றியது ரசம். நீர்த்தது எளிதில் இறங்கும் என்று நினைத்தோம். தண்ணீரும் ரசமும்தான் முதலில் மூச்சுக்குழாய்க்குப் போகும். ரசஞ்சாதம் அதைவிட மோசம், நீரும் பருக்கையுமாக வாய்க்குள் இரண்டாகப் பிரியும். பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர் எக்ஸ்ரேயில் ஓடும் படமாகக் காட்டியபோது எனக்கே புரிந்தது. இப்போது தண்ணீரில் கெட்டியாக்கும் பொடி கலக்கிறோம். கஞ்சி, மசித்த பருப்பு, இட்லியைச் சாம்பாரில் நன்றாகக் குழைத்தது என்று ஓடுகிறது. ரசம் இல்லாத சாப்பாடு என்ன சாப்பாடு என்று அவள் சண்டை போட்டாள். பொடி போட்டுக் கெட்டியாக்கிய ரசத்தை ஒருமுறை ருசித்துவிட்டு, "இது ரசம் இல்ல, பசை" என்றாள். சரிதான்.

வீட்டில் என் தொழில் உதவியது இங்கேதான். கீழே பார்க்க முடியாதவளுக்குத் தட்டு மேசையில் இருந்தால் சோறு எங்கே என்று தெரியாது. ஒரு பழைய சுவிட்ச் பெட்டியின் மூடியையும் இரண்டு கோணத் தகட்டையும் வைத்து, தட்டை மார்பளவு உயர்த்தும் தாங்கி செய்தேன். அன்றே சிந்தாமல் சாப்பிட்டாள். புத்தகத்துக்கும் அப்படியே ஒன்று. வீட்டு வாசற்படி விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டினேன். அவள் அதைப் பார்ப்பதில்லை, கூட வருபவர்களுக்கு அது நினைவூட்டுகிறது. எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நகரும் படிக்கட்டைத் தொடுவதே இல்லை, மின்தூக்கி எவ்வளவு தூரமானாலும் அதுதான். குளியலறையில் கைப்பிடியையும் நானே துளை போட்டுப் பொருத்தினேன்.

சிரித்தால் விழுவதற்குத் தனி மருந்து கொடுத்ததில் வெகுவாகக் குறைந்தது. இந்த ஒன்றை டாக்டரிடம் கேட்காமல் விடாதீர்கள். நோயே தீராது என்றிருக்கும்போது இதற்கென்ன மருந்து என்று நாங்களே விட்டிருந்தோம்.

பணம். அரிய நோய் நிதி என்று 2019இல் தொடங்கியது. பொதுமக்கள் கொடுக்கும் ஒவ்வொரு 1 வெள்ளிக்கும் அரசு 3 வெள்ளி சேர்க்கிறது. ஆனால் பட்டியலில் உள்ள நோய்க்கும் மருந்துக்கும் மட்டும்தான், பட்டியலும் அவ்வப்போது நீள்கிறது. ஆகவே ஒருமுறை இல்லை என்றார்கள் என்று விடாமல், மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் ஒவ்வொரு வருடமும் கேளுங்கள். இங்கே பதிவாகாத மருந்தை ஒரு குறிப்பிட்ட நோயாளிக்காக இறக்குமதி செய்ய, சுகாதார அறிவியல் ஆணையத்திடம் சிறப்பு அனுமதி கோரும் வழியும் இருக்கிறது. அதை டாக்டர்தான் செய்ய வேண்டும், நாம் பெட்டியில் வைத்து எடுத்து வருவது அந்த வழியல்ல. நான் எடுத்து வரச்செய்த வழி எது என்று மேலே படித்தீர்கள். உதவிக் கருவிகளுக்கு, உடற்குறையுள்ளோருக்கான அமைப்பான எஸ்ஜி எனேபிள் நடத்தும் நிதியை விசாரியுங்கள். அரிய நோய்கள் சங்கத்தின் கூட்டத்துக்கு முதலில் போகவே மாட்டேன் என்றேன். போன அன்று நான் அதிகம் பேசியது நோயைப் பற்றியல்ல, புரையேறாத பிஸ்கட் எது என்பதைப் பற்றி.

அடுத்த சந்திப்பு வரும் மாதம். லெவாசெட்டில்லூசினுக்கு விண்ணப்பிப்பது பற்றி டாக்டர் எழுதிக்கொண்டிருக்கிறார். நோட்டில் அதற்கான பக்கத்தில் நான்கு கேள்விக்கும் விடை இருக்கிறது, ஐந்தாவதாக மனைவி தன் கையெழுத்தில், "தூக்கம் வருமா?" என்று எழுதி வைத்திருக்கிறாள்.

மகளுக்கு இப்போது 16. போன வாரம் மச்சான் பிள்ளைகள் மறுபடி வந்திருந்தார்கள். பெரியவன் கதை சொல்ல வாயைத் திறந்ததுமே, இவள் கையை உயர்த்தி, "இரு, இரு" என்று நிறுத்தி, சுவரைப் பிடித்தபடி நகர்ந்து சோபாவில் உட்கார்ந்தாள். காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ம், இப்ப சொல்லு."